காணாமல் போன மின்னஞ்சலைத் தேடிப் பிடிப்பது எப்படி: யூனிக்ஸ் மெயில் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘அனுப்பிவிட்டேன்’ என்கிறார் ஒருவர். ‘எனக்கு வரவே இல்லை’ என்கிறார் மற்றவர். நடுவில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் மாட்டிக்கொண்டு விழிக்கிறீர்கள். இந்தப் பஞ்சாயத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். மடல் காற்றில் கரைவதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஓர் அடைவில் அது கிடக்கும். அல்லது என்றோ ஒருவர் எழுதிவைத்த விதி அதை அழித்திருக்கும். அழித்த கதை லாக்கில் (சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில்) ஒரு வரியாக இருக்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், சர்வர்கள் மடலைக் கைமாற்றிக்கொள்ளும் எஸ்எம்டிபி நெறிமுறையின் ஒரு பழைய விதி. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதி ஆவணத்தில் வேர்விட்டு, 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321இல் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மடல் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒரு சர்வர் ‘250’ என்று பதில் சொல்லிவிட்டால், அதைச் சேர்ப்பிப்பதும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பதும் அந்த சர்வரின் பொறுப்பு. பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்குவது போன்றது இது. எனவே மடலைத் தேடும்போது மனத்தில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாகக் கையெழுத்திட்டு வாங்கியவர் யார்?

எடுத்துக்காட்டுகளுக்கு டெபியன் லினக்ஸ், போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகிய மூன்றையும் வைத்துக்கொள்கிறேன். மடலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ். 1998இல் வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வெளியிட்டது. பெட்டியில் போட்டுப் பயனருக்குக் காட்டுவது டவ்காட். பின்லாந்தின் டிமோ சிரைனென் 2002இல் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதில் எக்ஸிம் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் இடையில் ஒரு பத்தி உண்டு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பெயர்ப்பில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றின் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

புகார் வந்ததும் சர்வரை மறுதொடக்கம் செய்வது பலருக்கும் பழக்கம். வேண்டாம். கியூவை, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மடல்களின் வரிசையை, காலி செய்வது அதைவிட மோசம். ‘போஸ்ட்சூப்பர் -டி ஆல்’ என்ற கட்டளை கியூவில் உள்ள அத்தனை மடல்களையும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அழித்துவிடும். காணாமல் போன ஒன்றைத் தேடப் போய் நானூறைத் தொலைத்தவர்களை நான் அறிவேன்.

புகார் சொன்னவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: அனுப்பியவரின் முழு முகவரி, பெறுநரின் முழு முகவரி, அனுப்பிய நேரம், அனுப்பியவருக்கு ஏதாவது பிழைச் செய்தி திரும்பியதா என்பது. முடிந்தால் ஐந்தாவதாக ஒன்று: அனுப்பியவரின் ‘அனுப்பியவை’ கோப்புறையில் உள்ள பிரதியிலிருந்து மெசேஜ்-ஐடி தலைப்பு வரி. இது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மடல் எத்தனை சர்வர் மாறினாலும் இந்த அடையாளம் சாதாரணமாக மாறுவதில்லை.

திரும்பிய பிழைச் செய்தியை ‘ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, அழித்துவிட்டேன்’ என்று சொல்பவர்கள் அதிகம். குப்பைக் கோப்புறையிலிருந்து மீட்டு அனுப்பச் சொல்லுங்கள். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தைக் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. பயனர் ‘காலை பத்து மணி’ என்பது இந்திய, இலங்கை நேரம். வாடகைக்கு எடுத்த சர்வர்களில் பெரும்பாலானவை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அப்படியானால் லாக்கில் நீங்கள் பார்க்க வேண்டியது 04:30ஐ ஒட்டிய வரிகளை. பழைய பாணி லாக் வரியில் நேர மண்டலமும் இருக்காது, ஆண்டும் இருக்காது. இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்து, ‘மடல் வரவே இல்லை’ என்று எழுத்தில் பதில் கொடுத்துவிட்டு மறுநாள் அசடு வழிந்த அனுபவம் எனக்கு உண்டு. முதலில் ‘டேட்’ கட்டளையை அடித்து சர்வரின் நேரத்தைப் பாருங்கள்.

லாக் எங்கே இருக்கிறது

டெபியன், உபுண்டு வகைகளில் /வார்/லாக்/மெயில்.லாக். ரெட் ஹேட் குடும்பத்திலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் /வார்/லாக்/மெயில்லாக், நடுவில் புள்ளி கிடையாது. டெபியன் 12இலிருந்து, லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை என்பதால் புதிய சர்வரில் அந்தக் கோப்பே இல்லாமல் இருக்கலாம். திகைக்க வேண்டாம், எல்லாம் சிஸ்டம்டியின் ஜர்னலில் இருக்கும். ஜர்னல்சிடிஎல் கட்டளையுடன் ‘-யு’ போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெயருக்குப் பின் நட்சத்திரக் குறி சேர்த்து மேற்கோளுக்குள் கொடுங்கள். நட்சத்திரம் முக்கியம்: டெபியனின் பல பதிப்புகளில் உண்மையான சேவையின் பெயர் சற்று நீளமானது, வெறும் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் வராமல் போகலாம்.

புகார் சென்ற வாரத்து மடலைப் பற்றியது என்றால் லாக் சுருட்டப்பட்டு ஜிஸிப் கோப்பாகியிருக்கும். கிரெப்புக்குப் பதில் ஸெட்கிரெப் பயன்படுத்துங்கள். அதிகப் போக்குவரத்துள்ள சர்வரில் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜர்னல் 30 நொடிக்கு 10,000 வரி என்ற இயல்பு வரம்பைத் தாண்டினால் மேற்கொண்டு வரும் வரிகளைக் கைவிடும். ‘சப்ரெஸ்டு’ என்ற சொல் தென்பட்டால், அந்த இடைவெளியில் நடந்ததைப் பற்றி லாக்கை நம்பி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு மடலின் பயணத்தைப் படித்தல்

பெறுநரின் முகவரியைக் கொண்டு லாக்கில் தேடுங்கள். கிடைத்த வரியில், செயலியின் பெயருக்கு அடுத்து எண்களும் எழுத்துகளும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். அதுதான் கியூ எண். இப்போது அந்தக் கியூ எண்ணைக் கொண்டு மறுபடி தேடினால் மடலின் கதை வரிசையாக விரியும்.

எஸ்எம்டிபிடி வரி, எந்தக் கணினியிலிருந்து மடல் வந்தது என்று சொல்லும். கிளீனப் வரி மெசேஜ்-ஐடியைத் தரும். கியூஎம்ஜிஆர் வரியில் அனுப்புநர், அளவு, பெறுநர் எண்ணிக்கை இருக்கும். அடுத்து வருவதுதான் உயிர்நாடி: ‘டூ’, ‘ரிலே’, ‘டிலே’, ‘டிஎஸ்என்’, ‘ஸ்டேட்டஸ்’ எல்லாம் அடங்கிய விநியோக வரி. கடைசியில் ‘ரிமூவ்டு’ வந்தால் அந்தக் கியூ எண்ணின் கணக்கு முடிந்தது.

‘ரிமூவ்டு’ என்பதைப் பார்த்து மடலை யாரோ நீக்கிவிட்டார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. கியூவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

விநியோக வரியில் ‘டிலேஸ்’ என்று நான்கு எண்கள் சாய்கோடு போட்டு வரும். முதலாவது, கியூ மேலாளரிடம் வரும்வரை ஆன நேரம். இரண்டாவது, அவரிடம் காத்திருந்தது. மூன்றாவது, எதிர் சர்வரைத் தேடி இணைப்பு ஏற்படுத்த ஆனது. நான்காவது, மடலைக் கைமாற்ற ஆனது. ‘மடல் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது’ என்ற புகாருக்கு இந்த நான்கு எண்களே பதில் சொல்லிவிடும். இரண்டாவது பெருத்திருந்தால் உங்கள் சர்வர் திணறுகிறது. மூன்றாவது என்றால் டிஎன்எஸ்ஸையோ (டொமைன் பெயருக்குரிய சர்வரைக் காட்டும் சேவை) எதிர் சர்வரையோ சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அமாவிஸ் போன்ற வடிகட்டி நடுவில் இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் மடலை அதனிடம் 10024 என்ற போர்ட் வழியாகக் கொடுத்துவிட்டு, வழக்கமாக 10025 வழியாகத் திரும்ப வாங்கும். திரும்பி வரும்போது புதிய கியூ எண் கிடைக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்பதைக் கண்டு ‘சேர்ந்துவிட்டது’ என்று எழுதிவிடுவார். உண்மையில் அது வடிகட்டி வரைதான் சேர்ந்திருக்கும். ‘ரிலே’ என்ற இடத்தில் 127.0.0.1 இருந்தால் பயணம் முடியவில்லை என்று கொள்ளுங்கள். மெசேஜ்-ஐடியைக் கொண்டு மறுபடி தேடி இரண்டாவது எண்ணைப் பிடியுங்கள்.

எக்ஸிம் பயன்படுத்துபவர்களுக்கு வாழ்க்கை சற்று எளிது. எக்ஸிகிரெப் என்ற கருவி, ஒரு முகவரியைக் கொடுத்தால் தொடர்புடைய எல்லா வரிகளையும் மடல்வாரியாகத் தொகுத்தே தரும். லாக்கில் ‘<=’ வந்தது, ‘=>’ சேர்ந்தது, ‘==’ தள்ளிப்போடப்பட்டது, ‘**’ தோற்றது. குறிகளை மனப்பாடம் செய்தால் போதும்.

லாக்கில் ஒரு வரிகூட இல்லை என்றால்

மடல் உங்கள் வாசலுக்கே வரவில்லை. அல்லது வாசலில் வந்து துரத்தப்பட்டிருக்கிறது. இரண்டாவதை முதலில் சரிபாருங்கள்.

துரத்தப்பட்ட மடலுக்குக் கியூ எண் கிடைத்திருக்காது. அந்த இடத்தில் ‘நோகியூ’ என்று இருக்கும். அதனுடன் சேர்த்து அனுப்புநரின் டொமைனைத் தேடுங்கள். 550 5.1.1 என்றால் முகவரி தவறு, எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும். 451 4.3.0 உடன் தற்காலிகத் தேடல் தோல்வி என்று வந்தால் பயனர் பட்டியல் வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் விழுந்து கிடக்கிறது. 452 4.3.1 என்றால் வட்டில் இடமில்லை: மடல் அளவு வரம்பின் ஒன்றரை மடங்கு இடம் காலியாக இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் மடல் வாங்க மறுக்கும். 552 5.3.4 என்றால் மடல் பெரிது. இயல்பு வரம்பு 10,240,000 பைட். இணைப்புகள் மடலில் செல்வதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடுவதால், ஏழரை எம்பி கோப்பே இந்த வரம்பை முட்டும். ‘எட்டு எம்பிதானே அனுப்பினேன்’ என்று சண்டைக்கு வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

450 என்று வந்து, கிரேலிஸ்ட் என்ற சொல்லும் இருந்தால் முதல்முறை வருபவரைச் சற்று நேரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறது உங்கள் சர்வர். போஸ்ட்கிரே மென்பொருளின் இயல்புக் காத்திருப்பு 300 நொடி. ஒழுங்கான சர்வர் திரும்பி வரும். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முயற்சிக்கும் வெவ்வேறு ஐபி முகவரியிலிருந்து வருவதால், ஒவ்வொரு முறையும் புதியவர் என்றே கருதப்பட்டு மணிக்கணக்கில் அலையலாம். ஒருமுறைக் கடவுச்சொல் மடல்கள் ‘காணாமல் போவது’ இதனால்தான்: பத்து நிமிடம் செல்லும் எண் இருபதாவது நிமிடத்தில் வந்து என்ன பயன்?

554 5.7.1 உடன் தடுப்புப் பட்டியலின் பெயர் வந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள். தடுப்புப் பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்கு உண்மையான பதில் தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தருகிறது. போஸ்ட்ஃபிக்ஸோ, எந்தப் பதில் வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறார்’ என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, உலகத்திலிருந்து வரும் மடல் அனைத்தும் வாசலிலேயே வெட்டுப்படும். சர்வரின் டிஎன்எஸ்ஸை யாரோ 8.8.8.8க்கு மாற்றிய அன்றிலிருந்து மடல் நின்றது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் சொந்த ரிசால்வர் ஒன்றை, அன்பவுண்ட் போல, சர்வரிலேயே ஓட்டுங்கள். எந்தப் பதில்கள் தடைக்கு உரியவை என்பதையும் அமைப்பில் 127.0.0.[2..11] என்று குறித்துவையுங்கள். அப்படியே மூடப்பட்ட பட்டியல்கள் ஏதேனும் அமைப்பில் தங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது.

‘நோகியூ’ வரியும் இல்லையா? அப்படியானால் டிஎன்எஸ். ‘டிக்’ கட்டளையால் டொமைனின் எம்எக்ஸ் பதிவை (அந்த டொமைனுக்கு மடல் வாங்கும் சர்வர் எது என்று சொல்வது) கேளுங்கள். பழைய சர்வரின் பெயர் இரண்டாம் முன்னுரிமையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், சில மடல்கள் அங்கே போகும். ‘பத்தில் இரண்டு மடல் வருவதில்லை’ வகைப் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி நான் அதிகம் சந்தித்த, அதிகம் ஏமாந்த வகை.

ஒரு சிறிய நிறுவனம். இணையதளம் வாடகை சர்வரில். மடலும் முன்பு அங்கேயே இருந்தது. பிறகு அதை வேறொரு சேவைக்கு மாற்றிவிட்டார்கள். எம்எக்ஸ் பதிவு சரி, எல்லோருடைய மடலும் வருகிறது. இணையதளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து வரும் மடல் மட்டும் வருவதில்லை. படிவத்தை எழுதியவர்மேல் பழி; ஸ்பேம் வடிகட்டிமேல் பழி; மூன்று வாரம் ஓடியது. வாடகை சர்வரின் லாக்கைத் திறந்தபோது ‘ரிலே=லோக்கல், ஸ்டேட்டஸ்=சென்ட், டெலிவர்டு டு மெயில்பாக்ஸ்’ என்று அழகாக இருந்தது. அமைப்புக் கோப்பில் ‘மைடெஸ்டினேஷன்’ வரியில் நிறுவனத்தின் டொமைன் நீக்கப்படாமல் இருந்தது. ‘இந்த டொமைன் என்னுடையதுதானே’ என்று நினைத்த போஸ்ட்ஃபிக்ஸ், எம்எக்ஸைக் கேட்காமலே ஒவ்வொரு விசாரணையையும் உள்ளூர்ப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. /வார்/மெயில் அடைவில் அத்தனையும் பத்திரமாக இருந்தன. கையெழுத்திட்டு வாங்கியது யார் என்று முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

எனவே மடல் சேவையை இடம் மாற்றிய வரலாறு இருந்தால், பழைய சர்வரில் ‘போஸ்ட்கான்ஃப் -என்’ அடித்து மைடெஸ்டினேஷன், விர்ச்சுவல் டொமைன் பட்டியல்கள் இரண்டையும் பாருங்கள். அனுப்புபவர் வாடகைக்கு எடுத்த பகிர்வு சர்வரிலும் இதே சிக்கல் வரும். அங்கே நீங்கள் செய்யக்கூடியது, அவருடைய நிர்வாகியிடம் லாக் வரியைக் கேட்பதுதான்.

கியூவில் காத்திருக்கிறது என்றால்

‘போஸ்ட்கியூ -பி’ கியூவைக் காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் இப்போது அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆச்சரியக்குறி இருந்தால் யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். மற்றவை தள்ளிப்போடப்பட்டவை, காரணம் அடைப்புக்குறிக்குள் இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் 300 நொடியில் தொடங்கி இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், அதிகபட்சம் 4000 நொடிக்கு ஒருமுறை முயலும். ஐந்து நாள் முடிந்ததும் அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். அந்த ஐந்து நாளும் அவருக்கு எந்தத் தகவலும் போகாது என்பதுதான் கொடுமை: தாமத எச்சரிக்கை அனுப்பச் சொல்லும் ‘டிலே_வார்னிங்_டைம்’ இயல்பாகப் பூஜ்யம். அதை நான்கு மணி நேரமாக வையுங்கள். பாதிப் புகார்கள் உங்களிடம் வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

தள்ளிப்போன காரணம் ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’ என்று, அதுவும் எல்லா டொமைன்களுக்கும் இருந்தால் வெளிச்செல்லும் 25ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறது. கூகுள் கிளவுட் உள்ளிட்ட பல கிளவுட் சேவைகள் இதை இயல்பாகவே தடுத்துவைக்கின்றன. மடலை வாங்கி உங்களுக்காக அனுப்பும் ரிலே சேவை ஒன்றின் வழியாக 587ஆம் போர்ட்டில் அனுப்புவதே வழி. பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து, ஆனால் அதே சர்வரில் ‘டிக்’ நன்றாக வேலை செய்தால், டெபியனில் நெடுங்காலம் இருந்துவந்த ஒரு வழக்கத்தைச் சந்தேகியுங்கள்: அப்படி அமைத்த சர்வர்களில் போஸ்ட்ஃபிக்ஸின் செயலிகள் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சிறைக்குள் ஓடுகின்றன. அங்கே இருப்பது, டிஎன்எஸ் சர்வரின் முகவரியைச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் பிரதி. வெளியே டிஎன்எஸ்ஸை மாற்றினால் உள்ளே உள்ள பிரதி பழையதாகவே நிற்கும். இந்த ஓர் இடத்தில் மறுதொடக்கம் செய்வது குற்றமில்லை, பிரதி புதுப்பிக்கப்படும்.

வட்டைப் பார்க்கும்போது ‘டிஎஃப் -எச்’ உடன் ‘டிஎஃப் -ஐ’யும் அடியுங்கள். மெயில்டிர் முறையில் மடல் ஒன்றுக்குக் கோப்பு ஒன்று. இடம் தாராளமாக இருந்தும் ஐநோடு (கோப்பு ஒன்றுக்கு ஒன்று தேவைப்படும் வட்டுப் பதிவு) தீர்ந்து சர்வர் முடங்கும்.

‘சென்ட்’ என்கிறது லாக். ஆள் ‘இல்லை’ என்கிறார்

அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்களைப் படியுங்கள். எதிர் சர்வரின் பெயரும் ‘250’உம், பெரும்பாலும் அவர்களுடைய கியூ எண்ணும் இருந்தால் உங்கள் கையில் ரசீது இருக்கிறது. அந்த வரியை அப்படியே வெட்டி எதிர்த்தரப்பு நிர்வாகிக்கு அனுப்புங்கள். இனித் தேட வேண்டியவர் அவர். ஜிமெயில், யாகூ போன்ற இடங்களில் கேட்க ஆள் கிடைக்க மாட்டார். ஸ்பேம் கோப்புறையைப் பார்க்கச் சொல்லிவிட்டு மடல் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அவர்கள் இதில் கண்டிப்பு காட்டுகிறார்கள்.

‘டெலிவர்டு டு ஃபைல்: /டெவ்/நல்’ என்று இருந்தால் சிரித்துவிட்டு, ஒரு முகவரியை வேறிடத்துக்குத் திருப்பும் /ஈடிசி/அலியாசஸ் கோப்பைத் திறங்கள். வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரியைக் குப்பைத்தொட்டிக்குத் திருப்பி, அதே முகவரியைப் புதியவருக்கும் கொடுத்திருப்பார்கள்.

‘டெலிவர்டு டு மெயில்பாக்ஸ்’ என்றால், எல்லா மடல்களும் ஒன்றாகச் சேரும் எம்பாக்ஸ் கோப்பில் போடப்பட்டது. ‘டெலிவர்டு டு மெயில்டிர்’ என்றால் மெயில்டிர் அடைவில். டவ்காட் எங்கே படிக்கிறது என்று ‘டவ்கான்ஃப் -என்’ காட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஓரிடத்தில் போட, டவ்காட் இன்னோர் இடத்தில் தேடும் அவலம் புதிதாக அமைத்த சர்வர்களில் சர்வசாதாரணம். ‘ஹோம்_மெயில்பாக்ஸ்’ அமைப்பில் கடைசிச் சாய்கோட்டை மறந்தால் மெயில்டிர் என்ற பெயரில் எம்பாக்ஸ் கோப்பு உருவாகும். ஒரு சாய்கோடு ஒரு முழு மாலையைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் ஒரே மருந்து, எல்எம்டிபி என்ற உள்ளூர் விநியோக நெறிமுறை வழியாக டவ்காட்டிடமே விநியோகத்தை ஒப்படைப்பது. அப்போது போடுவதும் படிப்பதும் ஒரே கை.

ஜிமெயிலை வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் சர்வரில் உள்ள முகவரி ஒன்று உங்கள் ஜிமெயிலுக்கே திருப்பிவிடப்பட்டிருந்தால், அந்த ஜிமெயிலிலிருந்து அதே முகவரிக்கு அனுப்பிச் சோதிக்காதீர்கள். மெசேஜ்-ஐடி ஒன்றே என்பதால், ஏற்கெனவே ‘அனுப்பியவை’யில் இருப்பதாகக் கருதி ஜிமெயில் அதை இன்பாக்ஸில் காட்டாது. சர்வர் சரியாக இருக்கும், நீங்கள்தான் இரவு முழுவதும் விழித்திருப்பீர்கள்.

சத்தமில்லாமல் விழுங்கும் விதிகள்

மடலின் தலைப்பு வரிகளைச் சோதிக்கும் ஹெடர்_செக்ஸ் கோப்பில் ‘டிஸ்கார்ட்’ என்று எழுதப்பட்ட விதி, அனுப்பியவருக்கு 250 சொல்லிவிட்டு மடலை அழிக்கும். எனக்கு இந்த வசதியே பிடிக்காது. மறுப்பதாக இருந்தால் முகத்துக்கு நேராக மறுக்க வேண்டும். ஆனாலும் கிளீனப் வரியில் ‘டிஸ்கார்ட்: ஹெடர்’ என்று ஒரு தடயம் இருக்கும். அமாவிஸ் என்றால் அதன் தனிமைப்படுத்தல் அடைவைத் தேடுங்கள், டெபியனில் /வார்/லிப்/அமாவிஸ்/வைரஸ்மெயில்ஸ்.

அடுத்தது, வரும் மடலைத் தானாகக் கோப்புறைகளுக்குப் பிரிக்கப் பயனரே எழுதிய சீவ் விதிகள். மூன்றாண்டுகளுக்கு முன் ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மடல்களை ஒரு கோப்புறைக்குத் தள்ளும் விதியை எழுதியதை அவரே மறந்திருப்பார். லாக்கில் ‘சீவ்’ என்ற சொல்லுடன் மெசேஜ்-ஐடியைத் தேடினால், எந்தக் கோப்புறைக்குப் போனது என்பது எழுத்துக்கு எழுத்து இருக்கும்.

பெட்டியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை

‘டவ்அட்ம் ஃபெட்ச்’ கட்டளைக்குப் பயனரின் பெயர், ‘மெயில்பாக்ஸ் டேட்.ரிசீவ்டு டேட்.சென்ட்’ என்ற புலங்கள், எல்லாக் கோப்புறைகளையும் குறிக்கும் நட்சத்திரம், மெசேஜ்-ஐடி ஆகியவற்றைக் கொடுங்கள். மடல் எந்தக் கோப்புறையில் உள்ளது என்று நொடியில் சொல்லும். அனுப்பிய தேதியும் வந்த தேதியும் பெரிதாக வேறுபட்டால் பிடிபட்டது: அனுப்பியவர் கணினியின் கடிகாரம் தவறு, பயனரின் மென்பொருளோ அனுப்பிய தேதிப்படி அடுக்குகிறது. மடல் இன்பாக்ஸின் ஆழத்தில், பல ஆண்டுகளுக்கு முந்தைய மடல்களுக்கு நடுவே கிடக்கும்.

பயனர் புதிய கோப்புறைக்குச் சந்தா செய்யாதது, செல்பேசி கடைசி முப்பது நாள் மடல்களை மட்டும் இறக்குவது, காப்புப் பிரதியிலிருந்து மீட்டபோது கோப்புகளின் உரிமையாளராக ரூட் ஆகிவிட்டது, இவையும் உண்டு. கடைசியானதை ‘டவ்அட்ம் லாக் எரர்ஸ்’ காட்டிக்கொடுக்கும்.

பெட்டியிலும் இல்லை, ஆனால் சேர்ந்ததற்குச் சாட்சி இருக்கிறது என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். மடலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கும் பாப்3 முறையில், டவ்காட் எழுதும் வெளியேறும் வரியில் ‘ரெட்ர்’, ‘டெல்’ என்று இரண்டு கணக்குகள் இருக்கும்: எத்தனை இறக்கப்பட்டன, எத்தனை அழிக்கப்பட்டன. அழித்த கணக்கு பூஜ்யமாக இல்லாவிட்டால், எந்த ஐபியிலிருந்து என்று அதே அமர்வின் உள்நுழைவு வரியைப் பாருங்கள். ஒரு கணக்கர் இரண்டு மாதம் மடல் காணவில்லை என்று புலம்பினார். ஐபி அவருடைய வீட்டு இணைப்பைக் காட்டியது. மேசை இழுப்பறையில் மின்னூட்டியுடன் கிடந்த பழைய மடிக்கணினி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தெழுந்து பாப்3 வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துக்கொண்டிருந்தது. ஒரு மடல்கூடக் குறையாமல் எல்லாம் அதில் இருந்தன.

மடலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறை வழியாக அழிக்கப்பட்டால் வெளியேறும் வரியில் எண்ணிக்கை மட்டும் கிடைக்கும், எந்த மடல் என்பது கிடைக்காது. அதற்கு டவ்காட்டின் நோட்டிஃபை, மெயில்_லாக் என்ற இரு செருகுநிரல்களையும் முன்கூட்டியே இயக்கி, அழித்தல், நகலெடுத்தல், கோப்புறை நீக்கல் ஆகிய நிகழ்வுகளைப் பதியச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததற்கு இது உதவாது.

சரிசெய்தபின் சோதிப்பது

‘சென்ட்மெயில் -பிவி’ உடன் முகவரியைக் கொடுத்தால், மடலைப் போடாமலே அது எங்கே போய்ச் சேரும் என்ற அறிக்கையை போஸ்ட்ஃபிக்ஸ் உங்களுக்கு மடலாக அனுப்பும். அலியாஸ் சிக்கல்களுக்கு இது போதும். வாசலைச் சோதிக்க, சோதனை மடல் அனுப்பும் ஸ்வாக்ஸ் என்ற கருவி; ஆனால் சர்வருக்கு உள்ளிருந்து சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வருபவரை உங்கள் சர்வர் நம்பிவிடும், தடுப்புப் பட்டியல் பக்கமே போகாது. வீட்டு இணைப்பிலும் 25ஆம் போர்ட் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வேறொரு வெளி சர்வரிலிருந்து அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் இன்னொரு திரையில் ‘டெயில் -எஃப்’ மூலம் லாக்கை ஓடவிடுங்கள்.

அப்படியே மூன்று அமைப்புகளையும் மாற்றிவிட்டு எழுந்திருங்கள். ‘எனேபிள்_லாங்_கியூ_ஐடீஸ்’ஐ ‘யெஸ்’ ஆக்குங்கள். குறுகிய கியூ எண்கள் மறுபடி மறுபடி பயன்படுத்தப்படுவதால், பழைய லாக்கில் இரு வேறு மடல்களின் கதை ஒன்றாகக் கலந்து தெரியும். மேலே சொன்ன மெயில்_லாக் செருகுநிரலை இயக்குங்கள். பழைய லாக்கைச் சுருட்டி அழிக்கும் லாக்ரொடேட் அமைப்பில் நான்கு வாரம் என்று இருப்பதைப் பதின்மூன்றாக்குங்கள்: ‘போன காலாண்டில் அனுப்பினேனே’ என்று ஒருவர் கட்டாயம் வருவார்.